பழைய கிட்டாரும் ஆறாவது கோப்பையும்

என் காது சரியில்லை. இதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை. இலங்கை மலைநாட்டில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், என் அம்மாவும் எனக்கு நிச்சயித்த பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது. அதுவரை நான் என்னை ஊவா மாகாணத்திலேயே நுட்பமான காது உள்ள ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க யாரும் எனக்கு எந்த ஆதாரமும் தரவில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. பதுளையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் எங்கள் குழுவோடு பேஸ் கிட்டார் வாசிப்பேன். பேஸ் கிட்டாருக்கு நான்கு தடித்த கம்பிகள். அடி வயிற்றில் 'தும் தும்' என்று கேட்குமே, அந்தச் சத்தம். மேடையில் பாடுகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள், ட்ரம்ஸ் அடிப்பவரைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், பேஸ்காரனை அவனுடைய அம்மா மட்டும்தான் பார்ப்பார். (என் அம்மா அதிலும் பாதி நேரம் தூங்கிவிடுவார்.)

இப்படி யாரும் கவனிக்காத ஆளுக்கு, தன்னிடம் ஒரு ரகசிய மேன்மை இருக்கிறது என்ற எண்ணம் தேவைப்படுகிறது. எனக்கு அது கைப்பேசி வழியாக வந்தது. பழைய பேஸ் கிட்டார்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் பேசும் காணொளிகளை விடாமல் பார்த்தேன். நாற்பது ஐம்பது வருடம் காய்ந்த மரம், கையால் சுற்றிய செம்புக் கம்பி, இன்றைக்குக் கிடைக்காத வார்னிஷ். பழசின் ஒலிக்குப் புதுசு கிட்டவே வர முடியாது, அதனால்தான் அந்த விலை. ஆறு மாதத்தில் நானும் அவர்களைப் போலவே கண்ணை மூடித் தலையை ஆட்டப் பழகியிருந்தேன்.

பண்டாரவளையில் ஒரு பெரியவர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. வண்ணம் உரிந்து, ஓரம் தேய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. விலை, புதுக் கிட்டார் மூன்று வாங்கும் விலை. "மரம் பேசும் தம்பி," என்றார் அவர். ஒரு கம்பியைத் தட்டினேன். 'தும்' என்றது. என்னிடம் இருந்த புதுசும் அப்படித்தான் சொல்லும். ஆனால் நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகு வாங்காமல் வர முடியுமா?

வாங்கிய பணம்தான் பிரச்சினை. எனக்குத் தர்ஷினியோடு பரிசம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, ஆவணியில் கல்யாணம். தாலிக்கொடிக்கென்று என் சம்பளத்தில் போட்ட சீட்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. ஆவணிக்குள் ஹோட்டல் கச்சேரிகளில் சம்பாதித்து அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருடம் பெய்த மழையில் எல்லவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அறையை விட்டே வெளியே வரவில்லை.

விஷயம் தெரிந்தது என் அம்மாவுக்கு மட்டும்தான். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்பதை நான் மறந்துவிட்டேன். ஹல்துமுல்லைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் நாள் குறிப்பதைப் பற்றிப் பேச வந்தபோது, தர்ஷினியின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்:

"கொடி என்ன மாதிரி செய்யப் போறீங்க? முறுக்குக் கொடியா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொடிங்களா?" என்றார் அம்மா. "அது இப்ப கிட்டாரா இருக்குங்க."

தர்ஷினியின் அப்பா அந்த நமுனுகுலத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவது முதல் தூள் மூட்டையாக வெளியே போவது வரைக்கும் அவர் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார் என்று தர்ஷினி சொல்லியிருக்கிறாள். அதுவரை என்னை 'மாப்பிள்ளை' என்று அழைத்துக்கொண்டிருந்தவர், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி" என்றார்.

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"தம்பி, பழசுக்கு ஏன் அந்த வெல?"

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேள்வி கேட்டதால் பதில் சொன்னேன். காய்ந்த மரத்தைப் பற்றி, செம்புக் கம்பியைப் பற்றி, வார்னிஷைப் பற்றி, கால் மணி நேரம். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். எனக்காக வெட்கப்படுகிறாள் என்பது இப்போது புரிகிறது. அப்போது, பெருமையில் குனிகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க தொழில்ல எதையும் வாட்டினாத்தான் ருசி," என்றார் அவர். "ஆனா கூடுதலா வாட்டினா வீசத்தான் வேணும். எது எதுன்னு வாயில வச்சுப் பாக்காம சொல்ல முடியாது. தோட்டத்து பேர மறைச்சிட்டு, கோப்பைக்கு நம்பர் போட்டு ருசி பாப்போம். நீங்க அந்தப் பழசையும் உங்க புதுசையும் ஞாயித்துக்கெழம ஃபெக்டரிக்குக் கொண்டு வாங்க. கண்ணால பாக்காம, காதால மட்டும் கேட்டு, எது பழசுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா, தெரிஞ்சுதான் வாங்கியிருக்கீங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"தப்பாச் சொன்னா?" என்று கேட்டது என் அம்மா. (அம்மா, உங்களை யார் கேட்கச் சொன்னது?)

 கல்யாணத்துக்கு நாள்கூடக் குறிக்காமல் எழுந்து போனார்கள். தர்ஷினி போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.  நான் அவளை இழந்துவிடப் போகிறேன் என்ற பயம் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. அதுவும், ஒரு மரத்துண்டுக்காக.

இருந்தாலும் காதில் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதிப்பதற்காக, பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் எங்கள் குழுவின் கிட்டார்காரனுமான ரிஸ்வானைக் கூப்பிட்டேன். அவன் கடை மாடியில் நான் சுவரைப் பார்த்து உட்கார, அவன் பின்னாலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். பத்துத் தடவை. நான்கு சரி.

"மச்சான்," என்றான் ரிஸ்வான், "காசச் சுண்டிப் பாத்தாலும் அஞ்சு வரும்."

அங்கேயே நான் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். பஸ் ஏறி நமுனுகுலவுக்குப் போய், "ஐயா, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மன்னியுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்வதைவிடத் திருட்டுத்தனம் செய்வது எனக்கு எளிதாகப் பட்டது. அன்றைக்கு வாசிக்கப்போவதும் ரிஸ்வான்தானே. பழசை வாசிக்கும்போது ஒரே ஒரு தடவை இருமு, புதுசு என்றால் இருமாதே என்று ஏற்பாடு செய்தேன்.

"இருமல் சந்தேகம் வராதா?"

"மலைநாட்டுக் குளிர்ல இருமாதவன் யாரு?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு நானே பெரிய மூளைக்காரனாகத் தெரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. தேயிலை ருசி பார்க்கும் அறையில் நீள மேசை, அதன்மேல் வெள்ளைக் கோப்பைகள், ஓரத்தில் துப்புவதற்கான உயரமான தொட்டி. டீமேக்கர் ஐயா ஆறு கோப்பைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு எண் எழுதிய சீட்டை வைத்திருந்தார். ஆறு தடவை வாசிப்பு. ஒரு தடவைக்கு ஒரு கோப்பை. நான் சொன்னதும் அந்தக் கோப்பையை நிமிர்த்துவார். எந்த வரிசையில் வாசிப்பது என்பதைத் தர்ஷினிதான் தன் கையால் எழுதி, மடித்து, ரிஸ்வானிடம் கொடுத்தாள். அவளுடைய அப்பாவுக்கும் அது தெரியாது. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ரிஸ்வான் எங்க நின்னு வாசிப்பான்?" என்று கேட்டேன்.

"அடுத்த அறைல. அங்கதான் பெரிய ப்ளக் இருக்கு," என்றார் ஐயா.

அடுத்த அறை, தூள் சலிக்கும் அறை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், சலிக்கும்போது தூளிலிருந்து பஞ்சு போன்ற ஒரு தூசி பறக்கும். அது தரையில் மட்டுமல்ல, கூரையின் குறுக்கு மரங்களிலும் விரல் மொத்தத்துக்குப் படிந்து கிடக்கும். இயந்திரம் நின்றால் அதுவும் அமைதியாக இருக்கும். யாராவது வந்து கூரையை ஆட்டாதவரைக்கும்.

பேஸ் கிட்டாரின் வேலையே கூரையை ஆட்டுவதுதான்.

முதல் கோப்பை. கதவுக்கு அந்தப் பக்கம் 'தும்ம்' என்றது. கூரைத் தகரம் கடகடத்தது. உடனே ஒரு இருமல்.

"பழசு," என்றேன், கண்ணை மூடிக்கொண்டு. "மரத்தோட ஆழம் தெரியுது பாருங்க."

ஐயா கோப்பையை நிமிர்த்தினார். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். என் பதிலைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவது. 'தும்ம்.' இரண்டு இருமல். ஒன்றுதானே பேசியிருந்தோம்? முதலாவது சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொன்று போடுகிறானோ? "இதுவும் பழசுதான்," என்றேன். குரல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

மூன்றாவதில் இருமலே இல்லை. அப்பாடா என்று, "புதுசு" என்றேன். (பிறகுதான் தெரிந்தது: பாவி, தூசி தாங்காமல் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். வேண்டுமென்றே இருமிய இருமலும் அதற்குள்ளேயே போய்விட்டது.)

நான்காவதில் கைக்குட்டை தோற்றது. ஒரு இருமல் தொடங்கி, அது முடியுமுன் அடுத்தது தொடங்கி, கிட்டார் நின்றுபோய், இருமல் மட்டும் தனியாகக் கச்சேரி நடத்தியது. அத்தை, அதாவது தர்ஷினியின் அம்மா, "அந்தப் புள்ளைக்குத் தண்ணி ஏதும் குடுங்களேன்," என்றார். இத்தனை இருமலில் எது எங்கள் இருமல், எது தூசியின் இருமல்?  "பழ... பழசு."

ஐந்தாவதில் ஒரு தும்மல். தும்மலுக்கு நாங்கள் ஒப்பந்தமே போடவில்லை. நான் தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். அங்கே எனக்கு எந்த உதவியும் இல்லை. "புதுசு," என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

இனி ஒரே ஒரு கோப்பை. அந்த ஒரு கணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவளை இழக்கப் போகிறோம் என்றால், குறைந்தது கடைசிக் கோப்பைக்காவது ஒழுங்காகக் கேட்டுவிட்டு இழப்போம் என்று நினைத்தேன். இருமலை மறந்தேன். காணொளிகளை மறந்தேன். நிஜமாகவே கண்ணை மூடி, நிஜமாகவே கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, மெதுவாக, தரையிலிருந்து ஒரு ஒலி வந்தது. தடித்த, சூடான, நெஞ்சுக்கூட்டை நிரப்பும் ஒலி. அது ஏறியது, சற்றே தயங்கியது, மறுபடி ஏறியது. மேசை மேலிருந்த கோப்பைகள் கலகலத்தன. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இதுதான்," என்றேன். "இதுதான் பழசு! சத்தியமா இதுதான். இத்தன நேரம் வந்தது எல்லாம் சும்மாங்க ஐயா. இதக் கேளுங்க. எப்படி நிதானமா ஏறுது பாருங்க. எத்தன வருஷம் காஞ்ச மரம்! இந்தச் சத்தத்த எந்தக் காசு குடுத்தும் புதுசா செய்ய முடியாது. இதுக்காகத்தான் வாங்கினேன்."

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா," என்றார் அம்மா, மிகவும் மெதுவாக. "அது வெறகு லொறிடா."

தொழிற்சாலை அடுப்புக்கு விறகு ஏற்றிய லொறி, ஏற்றத்தில் முக்கி முனகி வளவுக்குள் வந்து நின்று, ஒரு தடவை உறுமிவிட்டு அணைந்தது. காய்ந்த மரம் அதில் நிறையவே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின் கதவு திறந்தது. தலை, கழுத்து, சட்டை எல்லாம் செம்மண் நிறத்தில் தூள் அப்பியிருக்க, முகத்தில் நீர் சொட்டச் சொட்ட ரிஸ்வான் நின்றான்.

"மன்னிச்சுக்கங்க, பைப்புக்குப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். இப்ப ஆறாவது வாசிக்கவா?" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான்: "மச்சான், நா வேணும்னு இருமினது ரெண்டே தடவதான், அதுலயும் ஒண்ணு தும்மலாப் போச்சு. மத்ததெல்லாம் தூசி."

அம்மாவின் பார்வை அவனிடமிருந்து என்மேல் திரும்பியது.

"இவர் எதுக்கு இருமணும்?" என்றார் டீமேக்கர் ஐயா.

சொல்லிவிட்டேன். கடை மாடி, பத்தில் நான்கு, ஏற்பாடு, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தர்ஷினி தன் கையால் எழுதிய வரிசையை ரிஸ்வானிடமிருந்து வாங்கி மேசையில் விரித்தாள். புதுசு, புதுசு, பழசு, புதுசு, பழசு. ஐந்தில் ஒன்றுகூட நான் சரியாகச் சொல்லவில்லை. ஏமாற்றியும் பூஜ்யம் வாங்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அப்போது ஐயா தன் கையிலிருந்த தாளை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதில் இருந்தது என் பதில்கள் அல்ல. அவரும் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். புதுசு, புதுசு, பழசு, புதுசு, பழசு. ஐந்தும் சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தூளுக்கு எழுதுவது போலக் குறிப்பு வேறு. புதுசுக்கு, 'முதல் வாய் நன்று, பிறகு ஒன்றுமில்லை.' பழசுக்கு, 'விழுங்கிய பிறகும் நிற்கிறது.'

"நல்ல சாமான் தம்பி," என்றார். "அந்த வெலைக்கு அது தகும். உங்களுக்குத்தான் அது தகல்ல."

அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

பிறகு மகளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார். என் மொத்த வாழ்க்கையும் அந்தத் தேயிலை வாசனைக்குள் தொங்கிக்கொண்டு நின்றது.

"கிட்டார் வாங்கினதக்கூட விட்டுருவேன்பா," என்றாள் தர்ஷினி.  "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. இன்னைக்கு உங்களையும் ஏமாத்தப் பாத்தாரு. அதுதான் தாங்க முடியல்ல." மேசையில் விரித்த தாளை மடித்தாள். "ஆனா அந்த லொறிக்குச் சொன்னாரே, அதுல பொய் இல்ல. அப்ப மட்டும் உண்மையாக் கேட்டாரு." பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "இனிமே தெரியாதத தெரியாதுன்னு சொல்லுவீங்களா?"

பயத்தில் என் வாய் தானாகத் திறந்தது. "தெரியாது," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள், ஆனால் சிரித்துவிட்டாள். எனக்கு அது போதும்.

கல்யாணம் ஆவணியிலிருந்து தைக்குப் போனது. கொடி செய்து கொண்டுவரும்வரை பழைய கிட்டார் தன் வீட்டில் இருக்கட்டும் என்றார் ஐயா. நான் மறுபேச்சுப் பேசவில்லை. தையில் கொடியோடு போனபோது, அவர் அதை எடுத்துத் தர உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. பிறகு வெறுங்கையோடு வந்து, "இங்கயே இருக்கட்டுமே, மாப்பிள்ளை," என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று அத்தை சொன்னார். ஓய்வுபெற்று இப்போது பதுளையில் வீடு கட்டி வந்துவிட்டார். எங்கள் குழுவுக்கு இப்போது பேஸ் வாசிப்பவர் அவர்தான். நான் வயர் சுருட்டுகிறேன், பெட்டி தூக்குகிறேன், ரிஸ்வானுக்கு இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறேன்.

கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். என் மகளுக்கு வயது ஏழு. ஏற்றத்தில் எந்த வாகனம் முக்கினாலும், "அப்பா, பழசா புதுசா?" என்று கேட்பாள். நானும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வேன்.

போன மாதம் மாமனார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு உறுமல் கேட்டது. மகள் வழக்கம்போல் கேட்டாள். இந்தத் தடவை கவனமாகவே கேட்டேன்.

"பழசு. பெரிய லொறி," என்றேன். "பாரம் கூட. டிரைவருக்கு கியர் மாத்தத் தெரியல்ல."

மகள் பார்க்க ஓடினாள். ரோட்டுக்கு அல்ல, பக்கத்து அறைக்கு. உறுமல் சட்டென்று நின்றது. கதவில் மாமனார் வந்து நின்றார், தோளில் கிட்டாரோடு. என்னை வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி," என்றார்.